கொசு விலகிய ஊரின் ரத்தம்

செனகல் நாட்டின் தலைநகர் டாக்கரிலிருந்து தென்கிழக்கே சுமார் 280 கிலோமீட்டர் போனால், காம்பியா எல்லைக்குப் பக்கத்தில் டியெல்மோ என்ற சிற்றூர் வரும். ஊரை ஒட்டி நேமா என்றொரு ஓடை. சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் அதில் தண்ணீர் நிற்கும். அதனால் அனோபிலஸ் கொசுவுக்கு அங்கே வருடம் முழுக்கப் பேறுகாலம்தான். 1990இல் அங்கே போன ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயமேற்றிப் பார்த்தார்கள். குழந்தைகளில் நூற்றுக்கு 87 பேரின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணிகளிலேயே கொடியதான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் இருந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 58 பேரிடம் இருந்தது.

அந்தப் பெரியவர்கள் யாரும் பாயில் சுருண்டு கிடக்கவில்லை. நிலக்கடலை வயலில் களையெடுத்துக்கொண்டும் கம்பு இடித்துக்கொண்டும் இருந்தார்கள். மலேரியாவே கண்டிராத ஒருவருக்குள் அதே ஒட்டுண்ணி புகுந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் குளிர்நடுக்கமும் காய்ச்சலுமாகச் சாய்ந்திருப்பார். சிகிச்சை தாமதமானால் அது மூளை வரை போய் உயிரையும் எடுக்கும்.

இந்த வித்தியாசத்தை முதலில் ஒழுங்காகக் கவனித்து எழுதியவர் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோச். 1899, 1900ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலும் நியூ கினியிலும் ஊர் ஊராக ரத்தம் சோதித்தபோது, குழந்தைகளிடம் மண்டிக் கிடந்த ஒட்டுண்ணி பெரியவர்களிடம் அரிதாக இருப்பதைக் கண்டார். மலேரியா மண்ணில் வளரும் உடம்பு வருடக்கணக்கில் அடிபட்டு எதையோ சேர்த்துக்கொள்கிறது என்பது அப்போதே புரிந்தது. அந்த ‘எதையோ’ என்ன என்று காட்ட இன்னும் அறுபது வருடம் தேவைப்பட்டது.

காட்டியது டியெல்மோவின் பக்கத்து நாடான காம்பியாவில் நடந்த ஒரு சோதனை. இயன் மக்ரிகர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1949 முதல் அங்கே கிராமங்களில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரும் சிட்னி கோஹனும் கேரிங்டனும் சேர்ந்து, மலேரியாவில் அடிபட்டுத் தேறிய காம்பியப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து காமா குளோபுலின் என்ற புரதப் பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். ஆன்டிபாடிகள் இருப்பது அதில்தான். அதைக் கடும் மலேரியாவில் இருந்த குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது, ரத்தத்தில் ஒட்டுண்ணி மளமளவென்று குறைந்தது. மலேரியா தெரியாத பிரிட்டன்காரர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினுக்கு அந்தப் பலன் இல்லை. 1961இல் நேச்சர் இதழில் வந்த இந்த முடிவை, 1991இல் இன்னொரு குழு கண்டம் தாண்டியும் உறுதிப்படுத்தியது: ஐவரி கோஸ்ட் பெரியவர்களின் ஆன்டிபாடி தாய்லாந்து நோயாளிகளிடம் வேலை செய்தது.

ஆக, மலேரியா பூமியில் வாழ்கிறவர்களின் காவல் பெருமளவு ஆன்டிபாடியில் இருக்கிறது. அந்தக் காவல் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால்தான், கொசுவலையும் மருந்தும் வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது விளங்கும்.

அம்மை ஒரு முறை வந்தால் ஆயுளுக்கும் போதும். மலேரியா அப்படி விடாது. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்ததும் அந்த அணுவின் மேல்புறத்தில் தன் புரதம் ஒன்றை நீட்டி வைக்கும். அதைப் பிடிமானமாக வைத்துத்தான் அந்த அணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலுக்குத் தப்புகிறது. உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு ஆன்டிபாடி செய்வதற்குள் ஒட்டுண்ணி வேறொரு புரதத்துக்கு மாறிவிடும். இதற்கென்றே அதனிடம் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடும், சட்டை மாற்றுவது போல. போதாததற்கு, ஒரு கொசு கொண்டுவரும் ஒட்டுண்ணியின் 60 சட்டையும் அடுத்த கொசு கொண்டுவருவதன் 60 சட்டையும் ஒன்றல்ல. ஒரு குழந்தை இதில் கணிசமான பங்கைப் பார்த்து முடிக்க வேண்டும். சிவப்பணுவுக்குள் நுழையத் துடிக்கும் கட்டத்தில் ஒட்டுண்ணியின் மேல் இருக்கும் எம்எஸ்பி-1, ஏஎம்ஏ-1 போன்ற புரதங்களுக்கு எதிராகவும் ஆன்டிபாடி சேர வேண்டும்.

இந்தக் காவல் படிப்படியாகத்தான் வரும். உயிர் போகும் அளவுக்கான நோயிலிருந்து விடுதலை முதலில். சாதாரணக் காய்ச்சலிலிருந்து விடுதலை பல வருடம் கழித்து, பத்து வயதுக்கு மேல். ஒட்டுண்ணியே உள்ளே வராதபடியான காவல் கிட்டத்தட்ட யாருக்குமே வாய்ப்பதில்லை. பிறந்த சில மாதங்களுக்குத் தாயின் ஆன்டிபாடி குழந்தையைத் தாங்கும். அது வடிந்த பிறகு, தன்னுடையது சேரும்வரை உள்ள நாலைந்து வருடம்தான் ஆப்பிரிக்கக் கிராமங்களில் குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் காலம். உலகில் மலேரியாவால் 2023இல் இறந்த சுமார் 5,97,000 பேரில் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்குட்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகள். ‘இயற்கையான நோய் எதிர்ப்பு’ என்று யாராவது நெகிழ்ந்து பேசும்போது எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும். தேறியவர்களின் ரத்தத்தைத்தான் நாம் சோதிக்கிறோம். தேறாதவர்கள் கணக்கில் வருவதில்லை.

இப்போது டியெல்மோவுக்குத் திரும்பலாம். இந்த ஊரும், ஐந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள நிடியோப் என்ற ஊரும் மலேரியா ஆய்வில் தனி இடம் பெற்றவை. காரணம், அங்கே நடந்த கண்காணிப்பின் பொறுமை. ஊர் மருந்தகம் இரவும் பகலும் திறந்திருக்கும். களப்பணியாளர்கள் தினமும் வீடு வீடாகப் போய் யாருக்கு உடம்பு சுடுகிறது, யார் ஊரில் இல்லை என்று குறிப்பார்கள். கொசுவைக் கணக்கெடுத்த முறை இன்னும் கடினம். ஆட்கள் இரவு முழுக்க முழங்கால் வரை காலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார்கள். கொசு வந்து காலில் அமரும், குத்துவதற்குள் ஒரு சிறு குழாயைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவற்றில் எத்தனை ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன என்று பிறகு பரிசோதனைக் கூடத்தில் பார்ப்பார்கள். இப்படி எண்ணியதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டியெல்மோவில் ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 200 தடவை நோய் ஏந்திய கொசு கடிக்கிறது என்று தெரிந்தது. இரண்டு நாளுக்கு ஒரு கடிக்கும் கொஞ்சம் கூடுதல். மழைக்காலத்தில் மட்டும் கொசு பெருகும் நிடியோப்பில் வருடத்துக்குச் சுமார் 20.

ரத்த மாதிரிகளின் சீரம் வருடந்தோறும் உறைபெட்டியில் சேர்ந்துகொண்டே வந்தது. அந்தச் சேமிப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

2006இல் அங்கே ஆர்ட்டிசூனேட்டும் அமோடியாகுயினும் சேர்ந்த கூட்டு மருந்து வந்தது. 2008 ஜூலையில் பூச்சிக்கொல்லி தோய்த்த, பல வருடம் தாங்கும் கொசுவலைகள் ஊரார் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டன. டியெல்மோவில் அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் நூறு பேருக்கு மாதத்துக்கு 5.45 என்று இருந்த மலேரியாக் காய்ச்சல், அடுத்த இரண்டு வருடத்தில் 0.41ஆகச் சரிந்தது. 2012இல் குழந்தைகள், பெரியவர்கள் இரு சாராரிடமும் ஒட்டுண்ணி உள்ளவர்கள் நூற்றுக்கு 0.3. 87லிருந்து 0.3 என்பதை ஒரு தலைமுறைக்குள் பார்த்த ஊர்கள் அதிகம் இல்லை.

உறைபெட்டியிலிருந்து சீரங்களை எடுத்துப் பார்த்தபோது அதே சரிவு ஆன்டிபாடியிலும் இருந்தது. சோதனை இப்படி நடக்கும். சின்னஞ்சிறு காந்த மணிகளில், ஒவ்வொரு வகை மணியிலும் ஒட்டுண்ணியின் ஒவ்வொரு புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். ஒரு துளி சீரத்தை அவற்றோடு கலந்தால் பொருத்தமான ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும். எந்த மணி எவ்வளவு ஒளிர்கிறது என்பதை வைத்து, அந்த ஆள் எந்தெந்தப் புரதத்தைச் சந்தித்திருக்கிறார், எவ்வளவு பலமாக நினைவு வைத்திருக்கிறார் என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும். 2002 முதல் 2013 வரையான மாதிரிகளில், இரண்டு ஊரிலுமே, ஆன்டிபாடி உள்ளவர்களின் விகிதமும் அளவும் இறங்கியிருந்தன. சிறு குழந்தைகளிடம் இறக்கம் செங்குத்து. பெரியவர்களிடம் அது மெதுவானது.

வயதுக்கேற்ற இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆன்டிபாடி உற்பத்தியாகும் விதத்தில் இருக்கிறது. காய்ச்சல் வந்ததும் அவசரத்துக்கு முளைக்கும் பிளாஸ்மா அணுக்கள் கொஞ்ச நாளில் செத்துவிடும். எலும்பு மஜ்ஜையில் போய் இடம்பிடித்து வருடக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும் அணுக்கள் மீண்டும் மீண்டும் தொற்று வந்தால்தான் கணிசமாகச் சேரும். கென்யாவின் கிலிஃபியில் குழந்தைகளை ஆராய்ந்தபோது, காய்ச்சல் தீர்ந்த பிறகு சில வகை ஆன்டிபாடிகள் பத்து நாளிலேயே பாதியாகக் குறைந்தன. வடக்குத் தாய்லாந்தில், மலேரியா அரிதாகிப்போன பகுதியில் வாழும் பெரியவர்களிடமோ, பழைய தொற்றின் ஆன்டிபாடி வருடக்கணக்கில் அழியாமல் இருந்தது 2010இல் வெளியானது. சிறு வயதில் ஒருமுறை வந்து போனது எழுத்து அழிந்த பலகையாகிறது. முப்பது வருடம் அடிபட்டவரின் ரத்தம் சீக்கிரம் மறப்பதில்லை.

இதெல்லாம் வெளியே வரும் முன்பே ஒரு கலவரமான கேள்வி எழுந்திருந்தது. 1997இல் ராபர்ட் ஸ்னோ, கெவின் மார்ஷ் முதலானோர் கென்யா, காம்பியா இரண்டிலும் பல பகுதிகளை ஒப்பிட்டு லான்செட் இதழில் எழுதினார்கள். கொசுக்கடி மிகமிக அதிகமுள்ள இடத்தில்தான் கடும் மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் அதிகம் என்று எல்லோரும் நினைப்போம். அவர்கள் கண்டது வேறு. நடுத்தர அளவு பரவல் உள்ள இடங்களில் கடும் நோய் அதற்கு இணையாகவோ அதிகமாகவோ இருந்தது. அப்படியானால், மிக அதிகப் பரவல் உள்ள ஊரில் கொசுவலை கொடுத்து நடுத்தரத்துக்கு இறக்கினால் என்ன ஆகும்? குழந்தைகள் எதிர்ப்பைச் சேர்த்துக்கொள்ளாமல் வளர்ந்து, சாவு தள்ளிப்போடப்படுவதோடு நின்றுவிடுமோ? மலேரியா வட்டாரத்தில் இது பெரிய சூட்டைக் கிளப்பியது. வலை கொடுப்பதே தவறோ என்று கேட்டவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானது. ஆனால் அதை வாதத்தால் தீர்க்க முடியாது. குழந்தைகள் வளரும்வரை காத்திருந்து பார்த்தால்தான் தெரியும். பார்த்தார்கள். மேற்குக் கென்யாவின் அசெம்போவில் ஆறு வருடம்வரை, கானாவின் நவ்ரோங்கோவில் ஏழரை வருடம், புர்கினா ஃபாசோவில் ஆறு வருடம்வரை என்று, பூச்சிக்கொல்லி தோய்த்த வலையோ திரைச்சீலையோ பெற்ற ஊர்களைத் தொடர்ந்தார்கள். சின்ன வயதில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பெரிய வயதில் திரும்பப் பறிபோனதற்கான அடையாளம் எங்கும் இல்லை. ஆன்டிபாடி குறைந்தது உண்மை. குறைந்ததால் சாகவில்லை என்பதும் உண்மை, வலை தொங்கிக்கொண்டிருந்தவரை.

சிக்கல் அந்தக் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. டியெல்மோவிலேயே அதன் ஒரு சிறு வடிவம் 2010இல் நடந்தது. வலை கொடுத்து இரண்டேகால் வருடம் ஆன நிலையில், அந்த செப்டம்பர் முதல் டிசம்பர் வரை காய்ச்சல் நூறு பேருக்கு மாதத்துக்கு 4.57க்கு ஏறியது, கிட்டத்தட்ட பழைய இடம். வலையில் தோய்த்த டெல்டாமெத்ரின் மருந்துக்குக் கொசுவிடம் எதிர்ப்பு வந்திருந்தது. அந்த எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றம் 2007இல் நூற்றுக்கு 8 கொசுக்களில் இருந்தது 2010இல் 48ஆகியிருந்தது. அதைவிட என் கண்ணில் படுவது யாருக்குக் காய்ச்சல் வந்தது என்பது. 2007, 2008இல் மலேரியா வந்தவர்களில் பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மூன்றில் ஒரு பங்கு. 2010இல் அவர்கள் 71 பேரில் 45, நூற்றுக்கு 63. ஒரு காலத்தில் ஒட்டுண்ணியைச் சுமந்தபடி களையெடுத்த வயதினர் இப்போது காய்ச்சலில் படுத்தார்கள். ஊராரின் நோய் எதிர்ப்பு தேய்ந்திருக்கலாம் என்று ஆய்வை நடத்திய ழான்-பிரான்சுவா ட்ராப் குழு சொன்னது. ஒரே ஊர், நாலே மாதம், இதை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று மற்றவர்கள் மறுத்தார்கள். மறுப்பிலும் பொருள் இருக்கிறது. 2011இல் புது வலைகள் கொடுத்ததும் காய்ச்சல் மறுபடி அடங்கிவிட்டது.

எல்லா ஊருக்கும் அடுத்த வலை நேரத்துக்கு வருவதில்லை. மடகாஸ்கரின் மேட்டுநிலங்களில் 1949 முதல் டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்தும் குளோரோகுயின் கொடுத்தும் மலேரியாவைத் துடைத்தெடுத்தார்கள். நோய் இல்லை என்றானதும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. எண்பதுகளின் நடுவில் கொசுவும் ஒட்டுண்ணியும் திரும்பி வந்தபோது, ஒரு தலைமுறை முழுக்க மலேரியாவைத் தொட்டதே இல்லாத உடம்போடு நின்றது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அந்தக் கொள்ளைநோயின் நடுவே ஒரு விசித்திரம் தென்பட்டது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதாவது டிடிடி வருவதற்கு முன் குழந்தைகளாக இருந்து மலேரியாவில் அடிபட்டவர்கள், இளையவர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். சுமார் முப்பது வருட இடைவெளிக்குப் பிறகும் உடம்பில் ஏதோ மிச்சமிருந்திருக்கிறது.

எதிர்ப்பு இல்லாத மக்கள்மேல் மலேரியா இறங்கினால் என்ன ஆகும் என்பது இலங்கைக்கும் தெரியும். 1934-35இல் அங்கே சுமார் 80,000 பேரைக் கொன்ற கொள்ளைநோய், மலேரியா நிரந்தரமாகக் குடியிருந்த வறண்ட வலயத்தை அதிகம் தாக்கவில்லை. வழக்கமாக மலேரியா எட்டிப்பார்க்காத தென்மேற்குப் பக்கத்து மாவட்டங்களில்தான் பிணங்கள் குவிந்தன. பிற்பாடு டிடிடி தெளித்து, 1963இல் நாடு முழுக்க 17 பேருக்கே மலேரியா என்ற நிலைக்கு வந்தார்கள். கண்காணிப்பு தளர்ந்தது. 1968-69இல் நோயாளிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். அப்புறம் விடாமல் பிடித்து, 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்றே இல்லை என்றாக்கி, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கினார்கள். ஃபால்சிபாரத்துக்கு எதிரான ஆன்டிபாடி இன்றைய இலங்கை இளைஞரிடம் இருக்க வாய்ப்பில்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வரும் ஒவ்வொருவரையும் தேடிப் பிடிப்பது அங்கே நிற்காத வேலை.

கர்ப்பிணிகள் தனிக் கதை. ஒட்டுண்ணிக்கு நஞ்சுக்கொடியில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு தனிச் சட்டை உண்டு. ஆணுக்கும் பிள்ளை பெறாத பெண்ணுக்கும் அதற்கான ஆன்டிபாடி இருக்காது. முதல் கர்ப்பத்தில் அடிபட்ட பிறகே சேரும். தெற்கு மொசாம்பிக்கின் மனிசாவில் 2003 முதல் 2012 வரை பிரசவத்துக்கு வந்த பெண்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒருவரிடம் இருந்த தொற்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அந்த ஆன்டிபாடியும் கூடவே இறங்கியது. ஆனால் பிற்பகுதியில் தொற்று வந்த சிலருக்கு ஒட்டுண்ணி முன்பைவிட அடர்ந்திருந்தது, ரத்தசோகை கூடுதலாக இருந்தது, குழந்தையின் எடையும் அதிகமாகக் குறைந்தது. மொத்தத்தில் பார்த்தால் பெண்களுக்கு லாபம்தான். தொற்றிய ஒருத்தியின் பக்கம் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. சராசரியை மட்டும் பார்த்து மகிழும் அதிகாரி இதைத் தவறவிடுவார்.

ஆன்டிபாடி தேய்வதில் ஒரு பயனும் உண்டு. ஓர் ஊரில் மலேரியா மிக அரிதாகிவிட்டால், ஆயிரம் பேருக்கு விரலில் குத்தினாலும் ஒட்டுண்ணி அகப்படாது. ஆன்டிபாடி அகப்படும். எந்த வயதினரிடம் இருக்கிறது, எந்த வயதுக்குக் கீழே இல்லை என்று பார்த்தால், கடைசியாக எந்த வருடம் அங்கே பரவல் நின்றது என்பதே தெரிந்துவிடும். வடகிழக்குத் தான்சானியாவில் மலையடிவாரம் தொட்டு உச்சிப்பக்கம் வரை உள்ள ஊர்களில் கிறிஸ் டிரேக்லி குழு 2005இல் இதைச் செய்துகாட்டியது. டியெல்மோ, நிடியோப் சீரங்களை ஆராய்ந்தவர்களின் முதல் நோக்கமும் இதுவே: ஆன்டிபாடி இறங்குவதை வைத்துக் கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று அளக்க முடியுமா என்பது. முடியும். 2008க்குப் பின் பிறந்த பிள்ளையின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால், கொசுவலை தன் வேலையைச் செய்திருக்கிறது.

அதனால்தான் ‘கொசுவலை எதிர்ப்பைக் கெடுக்கிறது’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கெடுப்பது, பாதியில் விடுவது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வலையும் மருந்தும் வாங்கித் தரும் அதன் மலேரியாத் திட்டமும் சேர்ந்தே தடுமாறியது. இருபது வருடமாக வலைக்குள் தூங்கி, ஆன்டிபாடி சேராமல் வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஊர்களில், 1990இல் அதே பணம் நின்றிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய விளைவைவிட இன்றைய விளைவு மோசமாக இருக்கக்கூடும்.

நோயின் வயது மேலே நகர்கிறது என்பதைச் சில நாடுகள் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டன. சாஹேல் பகுதியில் மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தபோது வயது வரம்பு ஐந்துக்குள் இருந்தது. செனகல் தன் தெற்கு மாவட்டங்களில் அதைப் பத்து வயது வரை நீட்டியது. பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளும் இப்போது காய்ச்சலில் படுக்கிறார்கள் என்று அங்கே தெரிந்திருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் அந்த ஐந்து வயது வரம்பை எடுத்துவிட்டது. எந்த வயது வரை மாத்திரை என்பதை அந்தந்த நாடு தன் ஊர்களின் நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.